இன்னும் ஓடிக்கிட்டிருக்கு

திரையில் அந்த எண் நகர்ந்ததா இல்லையா என்று செண்பகராமனுக்கு நிச்சயமில்லை. முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் அசையாது. ஜன்னல் பக்கம் திரும்பி, சதுப்பு நிலத்தில் ஒற்றைக் காலில் நிற்கிற நாரைகளையும் அதற்கப்பால் குப்பைமேட்டிலிருந்து எழும்புகிற புகையையும் பார்த்துவிட்டு வந்தால் கடைசி இலக்கம் மட்டும் மாறியிருக்கும். தொண்ணூற்றொன்பது சதவீதத்தைத் தாண்டிவிட்டது, இனிப் புள்ளிக்குப் பின்னால்தான் ஊர்கிறது, புள்ளிக்குப் பின்னால் இருக்கிற தூரம் முன்னால் இருந்த தூரத்தைவிட நீளம் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். இன்னும் செய்யப்படாத ஒரு சிப் அது. அறுபத்து நான்கு கோர், அதாவது ஒரே சில்லுக்குள் அறுபத்து நான்கு கம்ப்யூட்டர்கள் கூட்டுக்குடித்தனம் நடத்தவேண்டிய சிப். அதை வெறும் கணக்காகவே இந்தக் கம்ப்யூட்டருக்குள் கட்டி, அதன்மேல் ஒரு நிஜமான ப்ரோக்ராமை ஓடவிட்டிருக்கிறான், எவ்வளவு வேகம் போகிறது என்று பார்க்க, இப்படி ஓட்டுவதற்கு ஆபீஸில் ரன் என்று பெயர். சிப்பை நிஜமாகச் செய்து முடித்தபிறகு வேகம் போதவில்லை என்றால் திருப்பி உருக்கி ஊற்றிக்கொள்ள முடியாது, அதனால் செய்வதற்கு முன்னாலேயே பொய்க்கு ஒன்றை ஓட்டிப் பார்த்துவிடுவது. அவன் கட்டியிருக்கிற மாடலில் எதுவும் விட்டுப்போகாது. ஒவ்வொரு கோரும் ஒவ்வொரு துடிப்பிலும் என்ன செய்தது, யாரிடம் என்ன கேட்டது, பதில் வரும்வரை எவ்வளவு காத்திருந்தது, எல்லாம் இருக்கும். அதனாலேயே நிஜ சிப் கண்ணிமைக்கிற நேரத்தில் முடிக்கிற காரியத்தை அது வாரக்கணக்கில் செய்யும். உமையாளுடைய மாடல் அதே காரியத்தை ஒருவர் காபி குடித்துவிட்டு வருவதற்குள் முடித்துவிடும். உமையாள் அவன் மனைவி.

உமையாள் அவன் மனைவி. அவன் மனசு அந்த வாக்கியத்தை அப்படித்தான் சொல்லும், ஆபீஸ்தான் அதைத் திருப்பிப் போட்டுச் சொல்கிறது. இன்றைக்கு கேன்டீனில் தயிர்சாதத் தட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்த புதுப்பெண், போன மாதம் சேர்ந்தவள், நல்ல பெண்தான், பயந்து பயந்து, "சார், நீங்க உமையாள் மேடத்தோட ஹஸ்பண்டா?" என்று கேட்டாள். ஆமாம் என்றான். "சூப்பர் சார். அவங்க மாடல் பாத்துத்தான் சார் நான் இந்த டீமே கேட்டு வந்தேன்" என்றாள். அவன் சிரித்தான். வாயின் இரண்டு மூலைகளும் சரியாக மேலே போனதா என்று இப்போது யோசித்தான், ஒரு மூலை மட்டும் போயிருந்தால் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும், இந்தக் காலத்துப் பெண்களுக்கு எல்லாம் தெரிகிறது. "நீங்களும் இதே டீமா சார்?" என்று அடுத்து கேட்டாள். நீங்களும். அந்த உம் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது, தயிர்சாதத்தை உருட்டி விழுங்கியும் இறங்கவில்லை. இந்த டீமே நான் ஆரம்பித்ததுதான் அம்மா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது எப்படி ஒலிக்கும் என்று தெரிந்ததால் சொல்லவில்லை. ரிட்டயர் ஆன தலைமை எழுத்தர் பஸ் ஸ்டாண்டில் நின்று பேசுகிற மாதிரி ஒலிக்கும். ஆனால் உண்மைதானே. உமையாள் பாப்பாவைப் பெற்று, பாப்பா பள்ளிக்கூடத்துக்குப் போகிற வரைக்கும் ஆறேழு வருஷம் வீட்டில் இருந்தபோது அவன்தான் இங்கே இருந்தான், இந்த நாற்காலியில், இதே நாரைகளைப் பார்த்துக்கொண்டு. கோயம்புத்தூரில் ஒரே வகுப்பில் படித்தார்கள். எல்லாப் பேப்பரிலும் அவளைவிட இரண்டு மூன்று மார்க் அவனுக்குத்தான் அதிகம் வரும், அவள் அவன் விடைத்தாளை வாங்கிப் பார்த்து "எப்பிடிடா?" என்பாள், காரைக்குடிக் குரலில், அந்த எப்பிடிடாவுக்காகவே அவன் விடிய விடியப் படித்திருக்கிறான். அப்புறம் கல்யாணம். அப்புறம் அவள் வேலையை விட்டாள். திரும்பவும் வேலைக்கு வருகிறேன் என்று அவள் சொன்ன அன்றைக்கு அவன்தான் உற்சாகமாக ரெஸ்யூமே திருத்திக் கொடுத்தான், அவன்தான் டைரக்டரிடம் பேசினான், சொந்தக்காரர்களிடம், "இவ்ளோ படிச்சவள வீட்ல உக்கார வெக்கறது பாவம்ல" என்று சொல்லித் தன்னைப் பற்றி எல்லாருக்கும் ஒரு நல்ல எண்ணம் வரும்படி செய்துகொண்டான். அந்த நல்ல எண்ணம் இன்னமும் இருக்கிறது. சித்தி இப்போதும் போனில் சொல்கிறாள், ஒன்ன மாதிரி மாப்பிள்ளை கிடைக்க அவ கொடுத்து வெச்சிருக்கணும் என்று. கொடுத்து வைத்தவள். வந்து முதல் வருஷம் அவனுக்குக் கீழே இருந்தாள், இரண்டாம் வருஷம் பக்கத்தில் இருந்தாள், இப்போது எங்கே இருக்கிறாள் என்று பார்க்க அவன் கழுத்தைத் தூக்கவேண்டியிருக்கிறது.

எண் மாறியது. இல்லை, மாறவில்லை, கண்ணாடியில் தூசி. துடைத்து மாட்டிக்கொண்டான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், அவ்வளவுதான் அவள் மாடல், அதைத்தான் எல்லாரும் கொண்டாடுகிறார்கள். முழு ப்ரோக்ராமையும் துடிப்புத் துடிப்பாக ஓட்டாமல், அங்கங்கே ஒரு துளி எடுத்து அதை மட்டும் உன்னிப்பாக ஓட்டி, மீதியைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவது. அவள் வீட்டிலும் அப்படித்தான், அரிசியைக் கண்ணால் அளந்து போடுவாள், தண்ணீரை விரலால் அளப்பாள், எதுவும் தப்புவதில்லை, அதுதான் எரிச்சல், எதுவும் தப்புவதில்லை. போன சிப்புக்கு அவள் சொன்ன வேகத்துக்கும் செய்து வந்த சிப்பின் நிஜ வேகத்துக்கும் மயிரிழைதான் வித்தியாசம். அவனும் அதைத்தான் சொல்லியிருந்தான், அவன் எண் இன்னும் நெருக்கம்கூட, ஆனால் அவன் சொன்னது அவள் சொல்லி வெகுகாலம் கழித்து. ஒரே பதிலை இரண்டாவதாகச் சொல்கிறவனுக்கு வகுப்பில் யார் கை தட்டுவார்கள். டைரக்டர் ரெபேக்கா மேடம் அன்றைக்கு அவன் தோளைத் தட்டி, "செண்பகராமன், உங்க ரன் உமையாளோட நம்பரை அழகா கன்ஃபர்ம் பண்ணிடுச்சு" என்றாள். கன்ஃபர்ம். ரயில் டிக்கெட் மாதிரி. இன்றைக்கு நாலு மணிக்கு அடுத்த சிப்புக்கு அதே நாடகம் இருக்கிறது. அறுபத்து நான்கு கோரையும் எப்படி இணைப்பது என்று இன்றைக்கு முடிவாகவேண்டும். ரிங் என்றால் வட்டமாக, பக்கத்து வீட்டுக்காரன் கையில் கொடுத்து அவன் அடுத்தவன் கையில் கொடுத்துச் சேதி போவது, செய்வதற்கு எளிது, இடம் கொஞ்சமாகப் பிடிக்கும். மெஷ் என்றால் தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற மாதிரி, எந்த வழியாகவும் போகலாம், ஆனால் கட்டுவது கஷ்டம், தாமதமாகும். உமையாளின் எண் ரிங் போதும் என்கிறது. ரிங் போதும் என்றால் எல்லாருக்கும் சந்தோஷம், முடிவு எடுத்துவிடுவார்கள், அடுத்த ப்ராஜெக்டுக்கு அவளையே லீட் ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு, அவன் அவளுக்குக் கீழே வேலை செய்வான், தப்பில்லை, காலம் மாறிவிட்டது, அவன் நவீனமானவன், சித்தி சொல்கிற மாப்பிள்ளை. நேற்று சாப்பிட்டுவிட்டு அவள் சோபாவில் அப்படியே தூங்கிப்போனாள், கையில் பாப்பாவின் கணக்கு நோட்டோடு, வாய் லேசாகத் திறந்து. ஒரு பெரிய முடிவுக்கு முந்தின நாள் ஒரு மனுஷியால் இப்படித் தூங்க முடியுமா என்று அவன் பார்த்துக்கொண்டே நின்றான். நோட்டை எடுத்து வைத்தான், போர்வை போர்த்தினான். போர்த்தும்போது, இவள் ஒரே ஒரு தடவை தப்பினால் என்ன என்று தோன்றியது. பெரிய தப்பு வேண்டாம். எல்லார் முன்னாலும் ஒரு சின்னத் தப்பு. பிறகு அவன் போய் அவள் முதுகைத் தடவிக்கொடுப்பான், விடு உமா, எல்லாருக்கும் நடக்கிறதுதான் என்பான். எவ்வளவு நன்றாகச் சொல்வான் அதை.

அப்போது ரன் முடிந்தது. மணி அடிக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. வெறுமனே கீழே ஒரு வரி வந்து நின்றது, அதற்குக் கீழே கர்சர் விட்டுவிட்டுத் துடித்தது. இத்தனை வாரம் காத்திருந்தவனுக்கு அதைத் திறக்கக் கை வரவில்லை. எழுந்து தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தான். தண்ணீரைக் குடிக்காமலே திறந்தான். முதலில் அவனுக்குப் புரியவில்லை, வேறு ஏதோ ரன்னைத் திறந்துவிட்டோம் என்று நினைத்தான். அவன் எண்ணும் உமையாள் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, அவை ஒரே சிப்பின் எண்கள் மாதிரியே இல்லை. அவள் கணக்கில் ஓடுகிற சிப் அவன் கணக்கில் நடந்தது, பல இடங்களில் நின்றது. பயம் வந்தது. தான்தான் எங்கேயோ தப்புச் செய்திருக்கிறோம், இத்தனை வாரம் வீணாயிற்று, நாலு மணிக்கு எல்லார் முன்னாலும் என் ரன்னில் பிழை என்று சொல்லவேண்டும், ரெபேக்கா மேடம் பரவாயில்லை என்பாள், அந்தப் பரவாயில்லையில் ஒரு மனுஷன் ஒரேயடியாக முடிந்துபோவான். ஒவ்வொன்றாகத் தேடினான். அமைப்பு சரி. ப்ரோக்ராம் சரி. பிறகு நிற்கிற இடங்களைப் பார்த்தான், ஒன்று, இன்னொன்று, எல்லாம் ஒரே மாதிரி. அங்கே இருந்தது அது. அறுபத்து நான்கு கோரும் எப்போதாவது ஒரு தடவை பொதுத் தகவல் ஒன்றைக் காக்கிற ஒரே பூட்டைத் திறக்க ஒரே நேரத்தில் வருகின்றன. ஒருவர்தான் உள்ளே போகலாம், மற்ற அறுபத்து மூன்றும் வாசலில் நின்று என் முறை எப்போது என் முறை எப்போது என்று கத்துகின்றன. கத்தல் அத்தனையும் அந்த ஒற்றை வட்டத்தில் சுற்றுகிறது, பூட்டைத் திறந்தவன் வெளியே வந்து நான் முடித்துவிட்டேன் என்று சொல்கிற சேதிக்கே வழியில்லை. எப்போதாவதுதான் நடக்கிறது, ஆனால் நடந்தால் நெடுநேரம் நிற்கிறது. உமையாள் எடுத்துப் பார்த்த துளிகளில் அந்த நேரம் ஒன்றுகூட அகப்படவில்லை. அவள் பதம் பார்த்த சோறெல்லாம் நன்றாக வெந்த சோறு, அடியில் பிடித்திருந்தது அவளுக்குத் தெரியாது.

தெரியாது. அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இந்த வாக்கியம் உடம்பில் எங்கெல்லாமோ போயிற்று, உள்ளங்கால் வரைக்கும். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவனுக்கு நிஜமாகப் பசித்தது, நாலு பேரைக் கூப்பிட்டு ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம் போலிருந்தது. ரிங் என்று இன்றைக்கு முடிவாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தான், சிப் செய்து வந்து, மேஜைமேல் வைத்து, ஓட்டி, ஐயோ என்று எல்லாரும் தலையில் கை வைத்து. அந்தக் காட்சியில் தலையில் கை வைத்தவர்களில் உமையாளும் இருந்தாள், அவளை மட்டும் அவன் கொஞ்சம் அதிகநேரம் பார்த்தான். பிறகு தன்னையே பார்த்தான். சே, என்ன மனுஷன் நான். பெண்டாட்டி விழுவதை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும் என்று இடம் தேடுகிறேன். இப்போதே போய்ச் சொல்லவேண்டும், இன்னும் நேரம் இருக்கிறது, அவள் தன் பேச்சை மாற்றிக்கொள்ளட்டும். சொன்னால் என்ன ஆகும் என்றும் அதே மனசு உடனே கேட்டது. அவள் ஒரு நிமிஷத்தில் பிடித்துக்கொள்வாள். இருக்கிற நேரத்திலேயே பூட்டு வருகிற இடங்களைத் தேடித் துளி எடுக்கிற மாதிரி மாடலைத் திருத்திவிடுவாள். நாலு மணிக்கு எழுந்து நின்று, செண்பாவின் ரன்னும் உதவியது என்பாள். உதவியது. கை தட்டுவார்கள். அவளுக்கு. எழுந்தான். எதற்காக எழுந்தான் என்று அவனுக்கே தெரியாமல் நடந்தான்.

உமையாள் தன் இடத்தில் கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மிளகாய்த்தூளும் உப்பும் கலந்து ஒரு காகிதத்தில் வைத்திருந்தாள், ஆபீஸ் முழுக்க அந்த வாசனைக்கு அவள் இடத்தைத் தேடி வரும். இப்போது யாருமில்லை, அவள் மட்டும்தான் இருந்தாள், முடியைத் தூக்கிப் பேனாவைச் செருகிக் கொண்டை போட்டிருந்தாள். அவன் நிழல் விழுந்ததும் திரும்பாமலே, "வா. வாயத் திற" என்றாள். திறந்தான். காரம் நாக்கில் சுருக்கென்று ஏறியது.

"நல்லாருக்குல்ல?"

"ம்."

"மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு? சாப்டியா?"

"சாப்ட்டேன்."

"செண்பா, உன் ரன் முடிஞ்சுதா?"

அவள் அவனைப் பார்க்கவில்லை, கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்த துண்டை வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் பார்த்திருந்தால் சொல்லியிருப்பான் என்று பிறகு வெகுநேரம் அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். அந்தக் கணத்தில் அவனுக்கு இருந்தது கொய்யா விதை ஒன்று கடைவாய்ப் பல்லில் சிக்கியதும், நாக்கால் அதை நெருடியதும்தான், அவன் வாய் வேறு யாருடைய வாயோ மாதிரி பேசியது.

"இல்ல. இன்னும் ஓடிக்கிட்டிருக்கு."

"சரி விடு" என்றாள். "இந்தா, இதையும் எடுத்துக்க."

திரும்பி வந்தான், கையில் கொய்யாத் துண்டோடு. பொய் இல்லை அது, ஒரு விதத்தில் பொய் இல்லை, சரிபார்ப்பு இன்னும் முடியவில்லை, சரிபார்க்காமல் ரன் முடிந்தது என்று சொல்லக்கூடாது, பதினைந்து வருஷமாக அவன் எல்லாருக்கும் சொல்கிற விதி அது. சரிபார்த்தான். சரியாகத்தான் இருந்தது. திரும்பவும் சரிபார்த்தான். மீட்டிங்கில் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தான். ஒரு சின்ன விஷயம், என்று ஆரம்பிக்கலாம். அல்லது, உமையாள் பேசி முடித்ததும் சற்று இடைவெளி விட்டு, இப்போதுதான் என் ரன் முடிந்தது, மன்னிக்கவேண்டும். மன்னிக்கவேண்டும் என்பதைத் தாழ்ந்த குரலில் சொல்லவேண்டும். அந்தப் புதுப்பெண்ணும் இருப்பாள். நீங்களும் இதே டீமா சார். போனை எடுத்து, உமா முடிஞ்சிடுச்சு, ரிங் வேண்டாம், உடனே வா என்று அடித்தான். அனுப்பவில்லை. அழித்தான். எதற்கு அழித்தோம் என்று யோசித்து மறுபடி உமா என்று அடித்தான், அதற்குமேல் ஓடவில்லை. அவள் வீட்டில் இருந்த வருஷங்களில் சாயங்காலம் அவன் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பாள், இன்னிக்கு என்ன ஆச்சு, எந்தச் சிப்பு, எங்க இடிச்சுது, சொல்லு சொல்லு என்று, இடுப்பில் பாப்பாவோடு. அவன் களைப்பாக இருக்கிறது என்பான். சில நாள் பெரிய மனசு பண்ணிக் கொஞ்சம் சொல்வான். அவள் குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அப்ப அத இப்பிடிப் பண்ணா என்ன என்பாள். அதெல்லாம் உனக்குப் புரியாது இப்போ, ஃபீல்டு ரொம்ப மாறிப்போச்சு என்று ஒருநாள் சொன்னது நினைவு வந்தது. இது ஏன் இப்போது வருகிறது. நாரைகள் போய்விட்டிருந்தன. திரையில் உமா என்ற இரண்டு எழுத்தும் அப்படியே இருக்க, மற்றவர்கள் நாற்காலிகளைப் பின்னால் தள்ளி எழுந்திருக்கிற சத்தம் கேட்டது.

மீட்டிங் அறையில் குளிர் அதிகம். அவன் எப்போதும் உட்கார்கிற ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தான். ரெபேக்கா மேடம் நடுவில், சிப்பை வரைகிற டீம்காரர்கள் சுவரோரமாக, கதவுக்குப் பக்கத்தில் அந்தப் புதுப்பெண். உமையாள் கொண்டையிலிருந்து பேனாவை எடுத்திருந்தாள், முடி முதுகில் விழுந்திருந்தது. பேச ஆரம்பித்தாள். அவள் பேசினால் எல்லாருடைய முகமும் தானாகவே அந்தப் பக்கம் சாயும், செடி வெளிச்சத்துக்குச் சாய்கிற மாதிரி, அவன் முகமும் சாய்ந்தது, அவன் அதைப் பிடித்து நேராக வைத்துக்கொண்டான். ரிங்கின் வேகம், மெஷ்ஷின் வேகம், ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் மனசு ஒரு சின்ன விஷயம், ஒரு சின்ன விஷயம் என்று மென்றுகொண்டே இருந்தது, கோவில் வாசலில் வரிசை நகரும்போது சில்லறையைக் கைக்குள் உருட்டுகிற மாதிரி. கடைசிப் படம் வந்தது. ரிங் போதும் என்று அதில் இருந்தது. அவன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

"என் மாடல் ரிங் போதும்னு சொல்லுது" என்றாள் உமையாள். "ஆனா நான் அத நம்பல."

அறையில் யாரோ சிரித்தார்கள், வேடிக்கை என்று நினைத்து.

"நெஜமாத்தான். எல்லா கோரும் ஒரே பூட்டுக்கு வந்து நிக்கிற நேரம்னு ஒண்ணு இருக்கும். அது எப்பவாவதுதான் வரும், அதனால என் மாடலோட கண்ணுல படாமப் போக வாய்ப்பு இருக்கு. படுதா இல்லையான்னு என் மாடல வெச்சே என்னால சொல்ல முடியாது. அத சொல்லக்கூடியது செண்பகராமனோட ரன் ஒண்ணுதான். அது இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. அது முடியற வரைக்கும் முடிவெடுக்க வேண்டாம்னு கேக்கறேன்."

ரெபேக்கா மேடத்துக்கு முகம் சுருங்கியது. "உமையாள், இன்னிக்கு முடிவு சொல்றேன்னு நான் மேல சொல்லியாச்சு. உங்க நம்பர் இதுவரைக்கும் தப்பினதே இல்லையே."

"தப்பினதில்லைங்கறதுக்காக இப்பவும் தப்பாதுன்னு இல்லை மேடம். வேணும்னா தள்ளிப்போட்டது நான்தான்னு என் பேர்லயே எழுதிக்குங்க."

ரெபேக்கா மேடம் செண்பகராமன் பக்கம் திரும்பினாள். எல்லாரும் திரும்பினார்கள். அந்தப் புதுப்பெண்ணும். "இன்னும் எவ்ளோ நாள் ஆகும் செண்பகராமன்?"

உமையாளுக்குத் தெரிந்திருக்கிறது. அவனுக்கு மட்டும்தான் தெரியும் என்று அவன் மத்தியானம் முழுக்கப் பொத்திவைத்திருந்தது அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது, எண்ணாகத் தெரியாவிட்டாலும் இடம் தெரிந்திருக்கிறது. ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன, ஒன்றுக்கும் இப்போது வேலையில்லை. ஒரு வாரம் என்று சொல்லலாம். ஒரு வாரம் கழித்து முடிந்தது என்று சொன்னால் யாருக்கும் தெரியாது, அவளுக்குக்கூடத் தெரியாது, அவள் கேட்டபோது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது என்பது ஒரு வாரம் கழித்து உண்மையாகிவிடும். இப்போதுதான் முடிந்தது என்றும் சொல்லலாம், அதுவும் செல்லும். உமையாள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மத்தியானம் பார்க்காத அந்தப் பார்வையை இப்போது பார்த்தாள், நம்பிக்கையோடு, சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையோடு, விடைத்தாளை வாங்கிப் பார்த்த அந்தக் காலத்துப் பெண் மாதிரி. அதுதான் அவனால் தாங்கமுடியாமல் போயிற்று.

"முடிஞ்சிடுச்சு" என்றான். "மத்தியானமே முடிஞ்சிடுச்சு. ரிங் தாங்காது. பூட்டு வர்ற எடத்துலதான் நிக்குது. உமையாள் சொன்ன அதே எடம்."

உமையாளின் கண் ஒரு தடவை இமைத்தது. அவ்வளவுதான். வேறு யாரும் அதைப் பார்த்திருக்கமாட்டார்கள், பார்த்திருந்தாலும் ஏதோ தூசி என்று நினைத்திருப்பார்கள்.

"மத்தியானமேவா?" என்றாள் ரெபேக்கா மேடம். "அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

அவன் வாயைத் திறப்பதற்குள் உமையாள், "அவரு ரெண்டு மூணு தடவ சரிபார்க்காம எதையும் வெளிய சொல்லமாட்டாரு மேடம்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். இரண்டு மூலைகளும் சரியாக மேலே போன சிரிப்பு. எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவனை எழுந்து வந்து காட்டச் சொன்னார்கள், அவன் போய்க் காட்டினான், அறுபத்து மூன்று கோர் வாசலில் நிற்பதை, சேதி போக வழியில்லாமல் வட்டம் அடைபட்டு நிற்பதை. வரைகிற டீம்காரர் ஒருவர் எழுந்து வந்து கை கொடுத்தார். "தப்பிச்சோம் சார், தப்பிச்சோம்" என்றார். மெஷ் என்று முடிவாயிற்று. ரெபேக்கா மேடம் அவன் தோளைத் தட்டினாள், இந்தத் தடவை கன்ஃபர்ம் என்று சொல்லவில்லை. "நீங்க காப்பாத்திட்டீங்க" என்றாள். கை தட்டினார்கள். அவனுக்குத்தான். இத்தனை வருஷம் கேட்கக் காத்திருந்த சத்தம் அது, தகரக் கூரைமேல் மழை விழுகிற மாதிரி இருந்தது, அர்த்தமே இல்லை. கைதட்டுகிறவர்களுக்கு நடுவில் உமையாளும் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

வெயில் இன்னும் இருந்தது, அவர்கள் கிளம்பியபோது. காரில் அவள் சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளிச் சாய்ந்துகொண்டாள். பாப்பாவை டான்ஸ் வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு போகவேண்டும். ரேடியோ போடலாமா என்று அவன் கை போயிற்று, திரும்பி வந்தது. ஆபீஸ் கேட் தாண்டி, பழைய மகாபலிபுரம் சாலையில் ஏறி, மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருக்கிற இடத்தில் வண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான். ஒரு அறை அறைந்தாலும் தேவலை. அவள் ஜன்னல் வழியாக ஒரு லாரியின் பின்னால் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"உமா."

"நான் கேட்டப்போ முடிஞ்சிருந்துதா?"

"ம்."

"எவ்ளோ வித்தியாசம்னு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"ம்" என்றாள். வண்டிகள் கொஞ்சம் நகர்ந்தன. சிக்னல் சிவப்பாக இருந்தது, பைக்குகள் இரண்டு பக்கமும் வந்து நெருக்கிக்கொண்டு நின்றன.

"உமா, எனக்கு... உன்னப் பாத்து..." அந்த வார்த்தையைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அந்த வார்த்தை அவன் வீட்டில் பெண்கள் ஒருத்தியைப் பற்றி ஒருத்தி சொல்கிற வார்த்தை, ஒரு ஆண்பிள்ளை தன் பெண்டாட்டியிடம் தன்னைப் பற்றிச் சொல்கிற வார்த்தை இல்லை.

"தெரியும்" என்றாள் அவள். "எனக்கும் இருந்துது. ரொம்ப வருஷம்."

"என்னது?"

"இதுதான். நீ தினமும் காலைல ஷூவ மாட்டிக்கிட்டுப் போறப்பல்லாம். பாப்பா இடுப்புல இருக்கும், கதவத் தாழ்ப்பாள் போட்டுட்டு அங்கயே நிப்பேன். வயிறெல்லாம் எரியும் எனக்கு." அவள் அவன் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. "அவ்ளோ எரிச்சலோடதான் செண்பா ஒனக்கு தினமும் டப்பா கட்டிக் குடுத்தேன். என்னிக்காவது ஒருநாள் உப்புப் போடாம விட்ருக்கேனா?"

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தான். இல்லை. ஒருநாள்கூட இல்லை. அத்தனை வருஷத்தில் ஒருநாள் உப்பு கூடியதுகூட இல்லை. பின்னாலிருந்து ஒரு ஆட்டோக்காரர் விடாமல் ஹார்ன் அடித்தார், யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

"வண்டிய எடு" என்றாள் உமையாள். "பச்சை விழுந்துடுச்சு. பாப்பா காத்துக்கிட்டிருப்பா."

எடுத்தான். கியர் மாற்றும்போது அவள் கை அங்கேதான் இருந்தது, அவன் கைக்கு ஒரு விரல் தூரத்தில், அவள் அதை நகர்த்தவும் இல்லை, அவன் தொடவும் இல்லை. வெட்கத்தில் காது வரைக்கும் சுட்டது. அழுதுவிடலாம் போலிருந்தது, நிஜமாகவே, நடுரோட்டில். அந்த நிலையிலும், எல்லாவற்றுக்கும் அடியில், யாரும் கேட்காமலே அவன் மனசு ஒரு கணக்குப் போட்டு முடித்தது: பொறாமைப்படுவதில்கூட இவள் என்னைவிடக் கெட்டிக்காரி. அதை நினைத்ததும் பழையபடி வயிற்றில் அந்த நெருப்பு ஒரு சின்ன நாக்கை நீட்டியது.